கதவு திறந்த நேரம்

ஜாதகம் எழுத உட்காருகிறவர் முதலில் சந்தேகப்படப் பழக வேண்டும். கிரகங்களை அப்புறம் படிக்கலாம். அந்தக் கணக்கு இப்போது உங்கள் போனிலேயே வந்துவிடுகிறது. சந்தேகம் போனில் வராது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் உங்கள் வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பெண் இரண்டு கேள்வி கேட்டாள். வானியல் படித்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை நீங்கள் ஏன் விட்டீர்கள். முதல் கேள்விக்கு ஏதோ சொன்னேன். இரண்டாவதற்கு முழங்கால் வலி என்று மழுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். உண்மையில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு ஜெராக்ஸ் கடை. அதற்கு மேல் மாடியில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படி ஏறி வருகிறவர்களை நான் நம்பியதே இல்லை. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. ஜாதகத்துக்கு வேண்டியது பிறந்த நேரம், அதை உலகத்தில் யாருமே சரியாகக் குறிப்பதில்லை என்பதால். ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்லாக் குழந்தைகளும் ஐந்தின் மடங்கில் பிறக்கின்றன. அம்மாவைக் கேட்டால் "விளக்கு வைக்கிற நேரம்" என்பார்கள், எந்த ஊரில் எந்த மாசத்து விளக்கு என்று நாம்தான் தோண்ட வேண்டும். அமெரிக்காவில் பிறந்த பேரனுக்கு நம்மூர் மணியைச் சொல்லிவிட்டுப் போன தாத்தாக்கள் உண்டு. பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் இது எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்பார் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் என்னைக் கிண்டல் செய்வாள். கேட்கக்கூடியவன்தான்.

சந்தேகம் காப்பாற்றிய ஒரு கதையைச் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். ஒரு கல்யாணத் தரகர் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பார்க்கப் பிரமாதம், குறையே இல்லை. குறையே இல்லாத ஜாதகத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். கட்டத்தைப் பார்த்தேன், சூரியன் மேஷத்தில், புதன் கன்னியில். வானத்தில் புதன் சூரியனை விட்டு விலகவே மாட்டான். சூரியன் இருக்கும் வீட்டில் இருப்பான், இல்லாவிட்டால் முன் வீட்டிலோ பின் வீட்டிலோ இருப்பான். அது ஜோதிடம் அல்ல, வானத்தின் கணக்கு. புதன் உச்சத்தில் இருக்கட்டும் என்று எவனோ ஆசைப்பட்டுத் தூக்கி ஆறாம் வீட்டில் போட்டிருக்கிறான். தரகரிடம் சொன்னேன், "இந்தப் பையன் இன்னும் பிறக்கலை சார், இப்படி ஒரு வானமே வந்ததில்லை." அவர் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் என் பக்கமே வரவில்லை. அன்று எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. பொய் ஜாதகத்தைக் கண்டுபிடிக்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருஷம் முன்பு ஒரு புதன்கிழமை காலையில் ஜெயசீலன் சார் படி ஏறி வந்தார். கையில் ஹெல்மெட், சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார், விசேஷமாக வானியல் பாடம் எடுப்பவர், மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுபவர் என்று அவரே சொன்னார். கழுத்தில் மெல்லிய செயினில் ஒரு சிலுவை. கிறிஸ்தவர், விஞ்ஞானி, நம் கடையில் என்ன வேலை? என் கண் அவர் சட்டைப் பைக்குத்தான் போனது. பேனாவில் கேமரா வைத்துக்கொண்டு வந்து ஜோசியக்காரனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடும் காலம். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டேன்.

விஷயம் வேறு. அவர் பெண் ஷீபாவும் மாடம்பாக்கத்தில் இருக்கும் கார்த்திக் என்ற பையனும் மூன்று வருஷமாகக் கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா வசந்தா, அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பதினைந்து வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தவர். மதம் வேறு என்று முதலில் மறுத்து, பிறகு மெல்ல இறங்கி வந்து, எல்லாவற்றுக்கும் சரி சொன்ன அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாராம். பெண்ணுக்கு ஜாதகம் எழுத வேண்டும், அதுவும் இரும்புலியூர் ஜோசியர் கையால் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தேதி. சரிப்படாவிட்டால் பிள்ளைகள் ரிஜிஸ்டர் ஆபீசில் போய்ப் பண்ணிக்கொள்வதாக இருந்தார்கள். அப்படி நடந்தால் அந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று வசந்தாம்மா சொல்லியிருந்தார். பையன் ஒரே பிள்ளை.

ஜெயசீலன் சார் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். பெண் பிறந்த தேதி, நேரம் மாலை நாலு நாற்பத்தேழு, வினாடி வரைக்கும். அந்த நிமிஷத்தில் சந்திரன் வானத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று பாகை கலை வரைக்கும் அவரே கணக்குப் போட்டு அச்சடித்திருந்தார். என் வாழ்நாளில் அப்படிச் சுத்தமான தாளை ஜாதகம் எழுத வந்த யாரும் கொண்டுவந்ததில்லை.

"கணக்கை நீங்களே போட்டுட்டீங்களே சார், அப்புறம் நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எங்கே இருந்ததுன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுபோச்சு சார். அங்கே இருந்ததால என்ன ஆகும்னு சொல்றது உங்க வேலை. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை, மன்னிச்சுக்கங்க. ஆனா அந்த அம்மாவுக்கு இருக்கு. அவங்களுக்கு இது வேணும்."

வகுப்பில் அந்தப் பெண் கேட்டதற்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பதில் சொல்ல முடியாது. எனக்கு அன்று கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூஞ்சிக்கு நேரே நம்பிக்கை இல்லை என்கிறாரே என்று.

பஞ்சாங்கத்தை எடுத்தேன். நம்மூரில் இரண்டு பஞ்சாங்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் வாக்கியம் ஒன்று, இப்போதைய வானக் கணக்கை வைத்துப் போடும் திருக்கணிதம் ஒன்று. சந்திரன் எந்த நட்சத்திரத்தில் இருக்கிறான் என்பதில் இரண்டும் சில நாழிகை வித்தியாசப்படும். பெரும்பாலானவர்களுக்கு அது பொருட்டே அல்ல. நட்சத்திரம் மாறும் நேரத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் தலையெழுத்தே மாறிவிடும். ஷீபா அப்படிப் பிறந்திருந்தாள். திருக்கணிதப்படி அன்று ஆயில்யம் நாலு முப்பத்தொன்றுக்கு முடிந்துவிட்டது, நாலு நாற்பத்தேழுக்குப் பிறந்தவள் மகம். நான் காலம் முழுக்க வைத்திருந்த வாக்கியப்படி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்லும். இந்தப் பெண்ணுக்கு வரப்போவதோ மாமனார் இல்லாத வீடு, இருப்பது மாமியார் ஒருத்தர்தான்.

ஜெயசீலன் சாரிடம் இரண்டையும் விளக்கினேன். "சந்திரன் ஒண்ணுதானே சார்" என்றார்.

"ஒண்ணுதான்."

"அப்போ ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு இத்தனை வருஷமா நீங்க யாரும் சோதிச்சுப் பார்க்கலையா? நீங்க சொன்னது தப்பாப் போனா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மாணவனிடம் கேட்பதுபோலக் கேட்டார். நானும் உள்ளதைச் சொன்னேன். நாம் சொன்னது பலித்தால் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு படி ஏறி வருவார்கள். பலிக்காவிட்டால் யாரும் திரும்பி வர மாட்டார்கள், வேறு ஜோசியரைத் தேடிப் போய்விடுவார்கள். அதனால் என் மாடிக்கு வந்ததெல்லாம் ஆப்பிள்தான்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வினாடி வரை எழுதிக்கொண்டு வந்த மனிதரைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தொழிலில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரே கேள்வியைக் கேட்டேன். "சார், இந்த நாலு நாற்பத்தேழு எந்த நேரம்? குழந்தை பிறந்த நேரமா, உங்களுக்குச் சொன்ன நேரமா?"

இது தெரியாமல் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். அப்பா குறிக்கும் நேரம் எப்போதும் பிரசவ அறைக் கதவு திறந்த நேரம். உள்ளே குழந்தை பிறந்து, அழுது, துடைத்து, எடை பார்த்து, அப்புறம் ஆயா வெளியே வந்து "பொண்ணு" என்று சொல்லும்போதுதான் அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார். கடிகாரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பார்த்தது தப்பான நேரத்தில்.

ஜெயசீலன் சார் தாளை மறுபடி பார்த்தார். ரேடியோ நேரத்தோடு ஒத்துப் பார்த்து வைத்திருந்த கைக்கடிகாரம், வராந்தாவில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் மனதில் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. "அதை நான் யோசிக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பெண்ணின் கல்யாணத்தில் கை வைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி வந்தார். மனைவி கிரேஸ் டீச்சரைக் கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, நீங்க வெளியே நின்னு கடிகாரம் பார்த்தீங்க, நான்தானே உள்ளே இருந்தேன், இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்னைக் கேக்கத் தோணுச்சா என்றாராம். குழந்தை பிறந்து, சுத்தம் பண்ணி, தனக்குத் தையல் போட்டு முடிக்கும் வரை ஆயா அறையைவிட்டு நகரவில்லை, குறைந்தது அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்று டீச்சர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் குழந்தை பிறந்தது நாலே காலை ஒட்டி. வாக்கியப்படியும் ஆயில்யம், திருக்கணிதப்படியும் ஆயில்யம். ஆஸ்பத்திரிக் காகிதம் தொலைந்துபோயிருந்தது, அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி.

"என் நேரம் தப்பு சார்" என்றார். முகத்தில் வருத்தம் இல்லை, கணக்கில் பிழையைக் கண்டுபிடித்தவரின் திருப்திதான் இருந்தது.

எனக்குச் சந்தேகம் தலைக்கேறியது. சொந்தப் பெண்ணுக்கு எதிராக ஆதாரம் தேடிக் கொண்டுவரும் அப்பா எங்கே இருக்கிறார்? இந்த மனுஷனுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, ஜோசியர் வாயால் கெடுக்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் நடக்கணும் சார். என் பொண்ணு மூணு வருஷமா அழறா. ஆனா தப்புன்னு தெரிஞ்ச ஒரு நம்பரை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். கொடுத்துப் பழக்கமில்லை. நீங்க எப்படி எழுதணுமோ எழுதுங்க."

அவர் போன அரை மணியில் வசந்தாம்மா போன் செய்தார். எழுதியாச்சா, திங்கட்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். என் முதலாளியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், காலமாகிவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜோசியக் கடை வைத்திருந்தார். இரும்புலியூருக்கு வருவதற்கு முன்பு நான் அவரிடம் ஏழு வருஷம் இருந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஜாதக நோட்டில் அழகாக எழுதிக் கொடுப்பது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கும். ராசிக் கட்டத்துக்குக் கீழே மூலையில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு சங்கு வரைவேன், அது என் பழக்கம். ஆயில்யம், மூலம், கேட்டை என்று புகுந்த வீட்டுக்கு ஆகாத நட்சத்திரத்தில் பெண் ஜாதகம் வந்தால், அது நட்சத்திரம் மாறும் எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால், முதலாளி நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திவிடுவார். "ஒரு பொண்ணுக்கு வாழ்க்கை கிடைக்குது. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு, எழுதுப்பா" என்பார். அதற்காகத் தனியாக எதுவும் வாங்கியதில்லை. அதை அவர் புண்ணியமாகத்தான் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். தரகரின் பொய் ஜாதகத்தைப் பிடித்துப் பெருமைப்பட்டவன், இதை மட்டும் பொய் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் எழுதினேன். நேரம் நாலு நாற்பத்தேழு, திருக்கணிதம், மகம். யாராவது கேட்டால் சொல்ல நியாயம் தயாராக இருந்தது. அப்பாவே எழுதிக் கொடுத்த நேரம், விஞ்ஞானி போட்ட கணக்கு. டீச்சர் சொன்னது வாய்ப்பேச்சு, அதற்கு அத்தாட்சி கிடையாது. நிம்மதியாக மூலையில் சங்கும் வரைந்தேன்.

வசந்தாம்மா பத்து மணிக்கு வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஜாதகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறுமையாகப் படித்தார். "மகம்" என்றார்.

"மகம்தாம்மா. உங்களுக்கு ஒரு குறையும் வராது."

"சம்பந்தி சனிக்கிழமையே போன் பண்ணிட்டார் சார். நேரம் தப்பு, அது கதவு திறந்த நேரம், எப்படிப் பார்த்தாலும் ஆயில்யம்தான்னு சொல்லிட்டார். நீங்க கேட்ட கேள்வியாலதான் தெரிஞ்சுதுன்னு உங்களைப் பாராட்டிக்கூடச் சொன்னார்."

யாரையும் நம்பாமல் வாழ்ந்தவன் ஒரு விஷயத்தை மட்டும் முழுக்க நம்பியிருந்தேன். பெண்ணைப் பெற்றவர் ஆயில்யத்தை மாமியார் வீட்டில் தானாகப் போய்ச் சொல்ல மாட்டார் என்று. நம் தொழிலில் இருப்பவன்தான் இப்படி ஏமாறுவான். எல்லோரும் மறைப்பார்கள் என்பதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவர் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, நான் எழுதியதற்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் தடவிய நீள நோட்டு, மூலை மடங்கியது. முதல் பக்கத்தில் என் முதலாளியின் ரப்பர் ஸ்டாம்ப். உள்ளே என் கையெழுத்து. கட்டத்துக்குக் கீழே சிவப்புச் சங்கு. நட்சத்திரம் மகம்.

"இது என்னோடது" என்றார். "நான் ஆயில்யம். எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க."

பதினைந்து வருஷத்தில் அவர் என்னிடம் கணவர் ஜாதகத்தைக் கொண்டுவந்திருக்கிறார், பையன் ஜாதகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். தன்னுடையதை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. அது ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

அவர் சத்தம் போடவில்லை. ஆபீஸ் விஷயம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். கல்யாணமாகி ஏழாவது மாதம் மாமியார் இறந்துவிட்டார். சர்க்கரை வியாதி, காலில் புண், ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். மாமியார் நல்லவர், தன்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பல வருஷம் கழித்துத் தன் அம்மா ஆயில்யம் என்று சொன்ன அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கணவரிடம் சொல்ல முடியவில்லை, அவருடைய அம்மாவாயிற்றே. அவரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். முதலாளியின் கடையைத் தேடிப் போனபோது அவர் உயிரோடு இல்லை. எழுதிக் கொடுத்தவர் இரும்புலியூரில் இருக்கிறார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். பையன் ஜாதகத்தை எழுதச் சொல்லி என்னிடம் வந்த முதல் நாளே சங்கைப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் கேட்கணும்னுதான் படி ஏறுவேன். கேட்காம இறங்கிடுவேன். இந்தப் பொண்ணுக்கு நீங்கதான் எழுதணும்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. பயமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க மறுபடியும் செய்வீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்பக் கேட்கிறேன் சார். எங்க மாமியார் செத்தது என் நட்சத்திரத்தாலயா, சர்க்கரையாலயா?"

தம்பி தங்கைகளே, ஜோசியனுக்குப் பேச்சு வராமல் போவது அபூர்வம். என்னிடம் நாலு பதில் தயாராக இருந்தன. மாமியாருக்கு அப்போது நடந்த தசை, ஆயுள் பாவம், உங்கள் மேல் தப்பில்லை, ஒரு விளக்குப் போடுங்கள். எதைச் சொல்லியிருந்தாலும் அந்த அம்மா தலையாட்டிவிட்டு இறங்கிப் போயிருப்பார், அன்று ராத்திரியும் தூங்கியிருக்க மாட்டார். எனக்கு ஜெயசீலன் சாரின் முகம் ஞாபகம் வந்தது. தப்புன்னு தெரிஞ்ச ஒரு நம்பரை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

"சர்க்கரையாலதாம்மா" என்றேன். "நட்சத்திரம் யாரையும் கொன்னதா என்கிட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. இத்தனை வருஷத்துல நான் சோதிச்சுப் பார்த்ததே இல்லை. எழுதினது பொய். எழுதினது என் கை."

அவர் அழுதார். நானும் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய நோட்டை என் பக்கம் தள்ளினார். "முதல்ல இதைத் திருத்துங்க. அப்புறம் அவளோடதை எழுதுங்க."

மகம் என்பதை அடித்து ஆயில்யம் என்று எழுதினேன். நேரத்தையும் அவர் சொன்னபடி மாற்றினேன். பக்கத்தில் திருத்தியது என்று போட்டு என் முழுப் பெயரை எழுதினேன். அந்த நோட்டில் என் பெயர் அதற்கு முன்பு எங்கேயும் இல்லை, முதலாளியின் ஸ்டாம்ப்தான் இருந்தது. பிறகு ஷீபாவின் ஜாதகத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நேரம் நாலே காலை ஒட்டி, தாய் சொன்னபடி. நட்சத்திரம் ஆயில்யம்.

வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஆயில்யம். ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருந்துக்கறோம், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லி இரண்டையும் ஒரே பையில் வைத்தார்.

கல்யாணம் நடந்தது. இரண்டு முறைப்படியும் நடந்தது. ஜெயசீலன் சார் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தபோது, அன்று மாடியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உங்கள் கேள்வியை வகுப்பில் பையன்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். எந்தக் கருவியால் அளந்தோம் என்பதற்கு முன்னால் எதை அளந்தோம் என்று கேட்க வேண்டும், அதை ஒரு ஜோசியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சொல்கிறாராம். அதைக் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தப்பு தெரிந்ததும் சம்பந்தி வரைக்கும் போன் போட்டுச் சொன்னவர். நான் அதே தப்பைத் தெரிந்தே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டவன். இரண்டு தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று நினைத்தேன். ஆனால் தொழில் மேல் பழியைப் போட்டு நான் தப்பிக்கிறேனோ என்று இப்போது அதிலும் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பலகையைக் கழற்றினேன். நீங்களும் கழற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஜனங்கள் படி ஏறி வந்துகொண்டுதான் இருப்பார்கள், யாராவது உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். நேரத்தைச் சந்தேகப்படுங்கள், அப்பாவைச் சந்தேகப்படுங்கள், போனில் கணக்குப் போடும் ஆப்பையும் சந்தேகப்படுங்கள். எழுதப் பேனாவை எடுக்கும்போது அதைப் பிடித்திருக்கும் கையையும் ஒருமுறை பாருங்கள்.

முதலாளியிடம் இருந்த ஏழு வருஷத்தில் எத்தனை பெண்களுக்கு நேரத்தை நகர்த்தி எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. எதையும் குறித்து வைக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் என் வயதை ஒட்டிய ஒரு பெண் என்னை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எந்த வீட்டில் யார் செத்ததற்கு யார் தூங்காமல் இருக்கிறாளோ.

மாடி அறையை மட்டும் நான் விடவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். மேஜையில் ஒரு பேனா, எதிரே ஒரு நாற்காலி. மூலையில் சிவப்புச் சங்கு போட்ட நோட்டோடு யாராவது வந்தால் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்காக. நாலு வருஷமாகிறது, இன்னும் ஒருத்தரும் வரவில்லை.